வெற்றுக் கூட்டின் விலை

(நீளமான பதிவு. பொறுமையுள்ளோர் நேரம் ஒதுக்கி வாசிக்கவும்.)

அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட ரைபிள் தோட்டாவுக்கு .45-70-405 என்று பெயர். மொழியியல் படித்தவளின் கண்ணுக்கு இது பெயராகத் தெரியவில்லை; நாட்டு வைத்தியரின் மருந்துச்சீட்டைப் போலத் தெரிகிறது. குழலின் விட்டம் 0.45 அங்குலம். உள்ளே அடைக்க வேண்டிய வெடிமருந்து 70 கிரெயின். முனையில் பொருத்த வேண்டிய ஈயக் குண்டு 405 கிரெயின். பொருளைச் சுட்டும் சொல்லே அதைச் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறது. கிரெயின் என்பது தானியமணி. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி கொண்டு பொன் நிறுத்தார்கள். அவர்கள் தானியமணியை வைத்து மருந்தை நிறுத்தார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்.

இப்போது ஒரு சின்ன வகுத்தல். ஒரு பவுண்டு மருந்தில் 100 வேட்டு. ஒரு பவுண்டு ஈயத்தில் 17 குண்டு. அந்நாளைய வழக்கப்படி 25 பவுண்டு கொண்ட ஒரு மருந்துப் பீப்பாயையும் ஏறத்தாழ 145 பவுண்டு ஈயத்தையும் ஒரு வண்டியில் ஏற்றினால் 2500 வேட்டுக்கு வேண்டியது முடிந்தது. பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். தோட்டாவை வாங்குபவரே அதைச் செய்பவராகவும் இருப்பார் என்று எதிர்பார்த்த காலத்தின் பெயர் அது. 1906இல் வந்த .30-06 தோட்டாவைப் பாருங்கள். அதில் வரும் 06 மருந்தின் அளவைச் சொல்லவில்லை, ஆண்டைச் சொல்கிறது. செய்முறை பெயரிலிருந்து கழன்றுபோய்விட்டது.

இந்தப் பதிவு அந்தச் செய்முறையைப் பற்றியது: சுட்டு முடித்த தோட்டாக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துப் பயன்படுத்தும் பழக்கத்தின் பொருளாதாரம். கேட்பதற்குச் சில்லறைச் சிக்கனம் போலிருக்கும். ஆனால் ஒரு கண்டத்தின் விலங்கினத்தை அழித்ததிலும், இன்னொரு கண்டத்தில் ஓர் ஏகாதிபத்தியம் எழுதிய சட்டங்களிலும் இந்தச் சில்லறைக் கணக்கு புகுந்திருக்கிறது.

தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. சுட்டபின் மருந்து புகையாகிவிடும், குண்டு போன இடத்தில் போய்ச் சேரும், பிரைமர் நசுங்கிப்போகும். கூடு மட்டும் காலடியில் விழுந்து கிடக்கும். நான்கில் அதிக வேலை வாங்கும் உறுப்பும் அதுதான். பித்தளைத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, சூடேற்றிப் பதப்படுத்தி, மறுபடி நீட்டி, மறுபடி பதப்படுத்தி என்று படிப்படியாகத்தான் அந்த மெல்லிய குழாய் உருவாகும். ஆக, மலிவானவை எரிந்துபோகின்றன, விலையுயர்ந்தது மிஞ்சுகிறது. மறுநிரப்பலின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். கூடு என்பது நுகர்பொருள் அன்று, மூலதனம்.

உலோகக் கூடு வருமுன் இந்தக் கேள்வியே எழவில்லை. இந்தியில் தோட்டாவுக்கு வழங்கும் ‘கார்தூஸ்’ என்ற சொல் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தது. அதன் வேரில் இருப்பது காகிதம். அக்காலத் தோட்டா மருந்தையும் குண்டையும் சுற்றிய காகிதப் பொட்டலம். 1857 ஜனவரியில் டம்டமில் வதந்தியாகத் தொடங்கி, வட இந்தியாவையே பற்றவைத்த கொழுப்புத் தோட்டாவும் அத்தகைய காகிதப் பொட்டலந்தான். கடித்துக் கிழித்துக் கொட்டினால் பின் எதுவும் மிஞ்சாது. தமிழில் நாம் சொல்லும் ‘தோட்டா’ உருதுவின் டோட்டாவிலிருந்து வந்ததாக அகராதிகள் காட்டும். அந்தச் சொல்லுக்கு உருதுவில் துண்டு என்றும், நட்டம் என்றும் பொருளுண்டு. ஒலி ஒத்துப்போவதாலேயே இரண்டு பொருளையும் முடிச்சுப் போடுவது எங்கள் துறையில் குற்றம். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கூட்டை மறுபடி நிரப்பலாம் என்பதன் முழு விளைவும் முதலில் வெளிப்பட்ட இடம் அமெரிக்கச் சமவெளிகள். 1870களின் தொடக்கத்தில் பைசன் எருமைத் தோலுக்குத் தொழிற்சாலைகளில் தேவை பெருகியது. எந்திரங்களை இணைக்கும் வார்ப்பட்டைகளுக்கு அந்தத் தடித்த தோல் உகந்தது என்று தோல்பதனிடுவோர் கண்டுகொண்டார்கள். ரயில் பாதை சமவெளிக்குள் நுழைந்திருந்தது. வேட்டைக்காரர்கள் ஷார்ப்ஸ் போன்ற கனரக ரைபிள்களோடு கிளம்பினார்கள். பிராங்க் மேயர் என்ற வேட்டைக்காரரின் நினைவுகள் 1958இல் நூலாக வந்தன. முதுமையில் சொன்னவை என்பதால் மிகை இருக்கலாம். ஆனாலும் அவர் தொழிலில் இறங்கியபோது போட்டதாகச் சொல்லும் கணக்கு கவனிக்கத்தக்கது: ஒரு தோலுக்குக் குறைந்தது 3 டாலர் கிடைக்கும், ஒரு தோட்டாவுக்கு அதிகபட்சம் 25 சென்ட் ஆகும், எனவே ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் போட்ட பணம் பன்னிரண்டு மடங்காகத் திரும்பும். 25 சென்ட் என்பது கடையில் வாங்கும் தோட்டாவின் உச்ச விலை. தொழிலாகச் சுட்டவர்கள் அந்த விலையைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. ஈயத்தைப் பாளமாகவும் மருந்தைப் பீப்பாயாகவும் வாங்கி, இரவில் முகாம் நெருப்பில் ஈயம் உருக்கி அச்சில் வார்த்து, பகலில் சுட்ட கூடுகளை நிரப்பி, மறுநாளுக்கு ஆயத்தமானார்கள். ஈயமும் மருந்தும் சில சென்ட்டுக்குள் அடங்கும். கூட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

இதில் விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தூரம். ரயில் நிலையத்திலிருந்து பல நாள் பயணத் தொலைவில், கடை என்ற ஒன்றே இல்லாத வெளியில், தோட்டா தீர்ந்தால் தொழில் நின்றுவிடும். கூட்டை மறுபடி நிரப்ப முடிந்ததால் ஒவ்வொரு முகாமும் தனக்கான தோட்டாத் தொழிற்சாலையாயிற்று. தெற்கு மந்தை 1870கள் முடிவதற்குள் அழிந்தது. வடக்கு மந்தை 1883வாக்கில் முடிந்தது. பிறகு வறியவர்கள் வந்து சமவெளியில் வெளுத்துக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி உரத் தொழிலுக்கு விற்றார்கள். ஒரு வேட்டின் அடக்கவிலை இன்னும் பல மடங்காக இருந்திருந்தால் பைசன் பிழைத்திருக்குமா? அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். 3 டாலர் தோல் அந்தச் செலவையும் தாங்கியிருக்கும். ஆனால் ஒரு பருவம் முழுவதும் ஊர் திரும்பாமல் சுட்டுக்கொண்டே இருக்க வைத்தது அந்தப் பித்தளைக் கூடுதான்.

வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை எதிர்ப்பக்கத்திற்கும் தெரிந்திருந்தது. சமவெளிப் பழங்குடிகள் கூடுகளைப் பொறுக்கிச் சேர்த்து, பழைய துப்பாக்கிகளின் வெடிமூடிகளைப் பிரைமருக்குப் பதிலாகப் பொருத்தி நிரப்பினார்கள் என்று அக்கால ராணுவ அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். 1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் படை அழிந்தது. ஆறு வாரத்திற்குள், ஆகஸ்ட் 5இல், பகைமை கொண்ட பழங்குடியினருக்கு உலோகத் தோட்டாக்கள் போய்ச்சேருவதைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. துப்பாக்கியைப் பிடுங்குவது கடினம். அதற்குப் போடும் தீனியை நிறுத்துவது எளிது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்த எண்ணத்தைக் குலைக்கக்கூடிய ஒரே பொருள் வெற்றுக் கூடு.

இனி அந்த 25 பவுண்டு பீப்பாய்க்குள் இருந்ததைப் பார்ப்போம். கருமருந்தில் எடைக்கணக்கில் முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். அமெரிக்காவின் பெரிய மருந்து உற்பத்தியாளர் டெலவேரில் இருந்த டூபான் நிறுவனம். அதற்கு நல்ல வெடியுப்பு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பிகாரிலிருந்து, கல்கத்தா வழியாகவும் லண்டன் வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் லின்கன் அரசு லமோட் டூபானை இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கே கிடைக்கும் வெடியுப்பை எல்லாம் வாங்கச் சொன்னது. அவர் வாங்கி முடித்துக் கப்பலில் ஏற்றும் தறுவாயில், டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை வழிமறித்த விவகாரம் வெடித்தது. பிரிட்டன் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பிடித்துவைத்த தென்மாநிலத் தூதர்களை வடக்கு விடுவித்த பிறகுதான் அந்த உப்பு கடல் தாண்டியது. பிகாரின் மண்சுவர்களில் பூத்த உப்பு அமெரிக்காவின் போரையே சில வாரங்கள் கையில் பிடித்து வைத்திருந்தது என்று சொன்னால் அது அதிகமில்லை.

அந்த உப்பைச் சுரண்டியவர்கள் நூனியாக்கள். சாதிப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. மாட்டுச் சிறுநீர் ஊறிய பழைய மண், இடிந்த சுவர்களின் அடி, ஊர்ப்புறத் திட்டுகள் ஆகியவற்றில் மழைக்காலம் கழிந்தபின் வெண்மையாகப் பூக்கும் படிவத்தைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உறையவைப்பார்கள். அதைக் காய்ச்சும்போது சாப்பாட்டு உப்பும் பிரிந்து வரும். உப்பின் மேல் வரி இருந்ததால், வெடியுப்புக் காய்ச்சும் அந்த எளிய மனிதர்கள் உப்புத்துறையின் உரிமத்துக்கும் சோதனைக்கும் கட்டுப்பட்டார்கள். உலகின் துப்பாக்கிகளுக்குத் தீனி தந்தவர்களை அரசு கவனித்தது உப்பு வரி ஏய்ப்பவர்களாகத்தான்.

இங்கே சொல்லொன்று இடையில் வருகிறது. வெடிக்கும் பொடியைத் தமிழில் ‘மருந்து’ என்கிறோம். பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்த ‘தாரு’ என்ற சொல்லும் மருந்தையும் வெடிமருந்தையும் குறித்தது. இன்று அது சாராயத்தைக் குறிக்கிறது. சீனத்தில் வெடிமருந்தின் பெயர் ‘தீ மருந்து’. மூன்று வேறுவேறு மொழிக்குடும்பங்கள் ஒரே உருவகத்தைப் பிடித்திருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் அதைப் பொடி என்று சொல்லிக் கடந்துவிட்டது.

உப்பு இங்கே, ஈயம் வாங்கக் கிடைக்கும், கந்தகம் சந்தையில் உண்டு, கரிக்குப் பஞ்சமில்லை. ஆக, இந்தியக் கிராமம் ஒன்று விரும்பினால் அமெரிக்க வேட்டை முகாமைப் போலத் தனக்கான வேட்டைத் தானே தயாரித்திருக்கலாம். இதை ஆட்சியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே சாட்சி. லிட்டன் காலத்துச் சட்டம். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்ற அதன் இனப் பாகுபாட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதிகம் பேசப்படாத பகுதி அதன் வரையறைப் பிரிவு. ‘ராணுவப் பொருட்கள்’ என்ற சொல்லுக்குள் ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும், தேவைப்படும் பகுதிகளில், அறிவிக்கை மூலம் கொண்டுவரக் கவர்னர் ஜெனரலுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவதோடு சட்டம் நிற்கவில்லை. ஒரு மனிதன் தானே தயாரித்துக்கொள்ளக்கூடிய வேட்டின் ஒவ்வொரு கூறின் மேலும் அது கை வைத்தது.

இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்த ஆயுதத்திலும் இதே எச்சரிக்கைதான். 1857க்குப் பிறகு, பிரிட்டிஷ் வீரன் கையில் இருப்பதற்கு ஒரு தலைமுறை பிந்திய துப்பாக்கியே இந்தியப் படைக்குத் தரப்பட்டது. அவர்கள் மார்ட்டினி ஹென்றிக்கு மாறியபோது இங்கே ஸ்னைடர். அவர்கள் அடுத்ததற்குப் போனபோது இங்கே மார்ட்டினி. அதன் பக்கவிளைவாக வடமேற்கு எல்லையில் பழைய ரகங்கள் நிறையச் சேர்ந்தன. களவாகவும், மஸ்கட் வழியாகக் கடத்தலாகவும், போரில் கைப்பற்றியும் அப்ரிதி முதலான பழங்குடிகளின் கைக்கு மார்ட்டினி போய்ச்சேர்ந்தது. கோஹாட் கணவாயில் தாரா ஆதம்கேலின் கொல்லர்கள் அதைப் பார்த்து நகலெடுத்தார்கள். அரத்தையும் கைத்துருத்தியையும் வைத்து ரைபிள் செய்தவர்களுக்குக் கூட்டை மறுபடி நிரப்புவது பெரிய வேலையாக இருந்திருக்காது. மலையில் ஒரு வேட்டின் விலை சமவெளியில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அங்கே காலிக் கூடு ஏறத்தாழ நாணயம்.

இப்போது இந்தப் பதிவின் மையத்துக்கு வருகிறேன். 1907இல் பிரிட்டிஷ் அரசு .450 விட்டமுள்ள வேட்டைத் தோட்டாக்கள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் போவதைத் தடை செய்தது. அந்நாளில் .450 என்பது யானை, புலி வேட்டையாடும் துரைமார்களின், மகாராஜாக்களின் உயர்விலைத் தோட்டா. 1898இல் ரிக்பி கொண்டுவந்தது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம், கலகக்காரர் கையில் இருக்கும் மார்ட்டினி ஹென்றிக்கு அது பயன்பட்டுவிடும் என்பது. ஆனால் மார்ட்டினியின் தோட்டா .577/450. பெயரைப் பிரித்துப் பாருங்கள்: .577 விட்டக் கூட்டின் கழுத்தை ஒடுக்கி .450 விட்டக் குண்டு பொருத்தியது. வடமொழி இலக்கணக்காரர் இதைத் தொகைச்சொல் என்று பிரித்துக் காட்டியிருப்பார்: முன்மொழி தாய்க் கூடு, பின்மொழி குண்டு. ரிக்பியின் .450 தோட்டாவோ நீண்டு, நேராக இருப்பது. அதை அப்படியே எடுத்து மார்ட்டினியின் அறைக்குள் செருக முடியாது.

அப்படியானால் அரசு அஞ்சியது எதற்கு? தோட்டாவுக்கு அன்று, அதிலிருந்து உருவி எடுக்கக்கூடிய குண்டுக்கு. உருவிய குண்டைப் பழைய மார்ட்டினிக் கூட்டில் அடைத்துச் சுடத் தெரிந்தவன் எல்லையில் இருக்கிறான் என்ற அனுமானம் இல்லாமல் இந்தத் தடைக்குப் பொருளே கிடையாது. எங்கோ ஒரு கொல்லன் காலிக் கூட்டை எடுத்து வைத்திருக்கிறான் என்ற ஒரே எண்ணத்தின் மேல் கட்டிய சட்டம் இது. மறுநிரப்பலைப் பற்றி ஒரு சொல்லும் வெளிப்படையாகப் பேசாத ஆவணங்களில்கூட அந்தக் கொல்லன் ஒளிந்திருக்கிறான்.

விளைவு வேடிக்கையானது. லண்டன், பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தை. அவர்கள் .450ஐ விட்டுச் சற்றே விலகிய அளவுகளை அவசரமாக உருவாக்கினார்கள். ஜோசப் லாங் .470, ஹாலந்து அண்டு ஹாலந்தின் .500/465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .476, ஜெஃப்ரியின் .475 எனச் சில ஆண்டுக்குள் ஒரு பெருங்குடும்பமே பிறந்தது. யானை வேட்டையைப் பற்றி எழுதுபவர்கள் இந்த எண்களைப் புராணப் பெயர்களைப் போல உச்சரிப்பார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி வீரக்கதை உண்டு. அவற்றை இணைக்கும் பொதுக்கதை, மார்ட்டினிக் குழலுக்குள் நுழையாத அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும் என்பதுதான். தடை கூட்டின் அளவைப் பற்றியதில்லை, குண்டின் அளவைப் பற்றியது என்பதால், ஜிம் கார்பெட் வைத்திருந்த .450/400 போன்ற ரைபிளுக்குச் சிக்கலில்லை. தொகைச்சொல்லின் முன்மொழியில் .450 இருக்கலாம், பின்மொழியில் இருக்கக்கூடாது.

ராணுவத்தின் .303ம் குடிமக்களுக்கு விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக .315 வந்தது. வட இந்தியச் செய்தித்தாள்களில் இன்றும் ‘.315 போர்’ என்று வாரந்தோறும் காணப்படும் அந்த எண்ணின் பிறப்பும் அந்தக் காலத்துத் தடைதான். உரிமம் பெற்ற ரைபிளும் அதே அளவு. உரிமமில்லாத நாட்டுக் கைத்துப்பாக்கியான ‘கட்டா’வும் பெரும்பாலும் அதே அளவு. ராணுவத் தோட்டா குடிமக்களிடம் கசியக்கூடாது என்று போட்ட வேலி, குடிமக்களின் தோட்டாவுக்குத் தனிச் சந்தையையே உண்டாக்கிக் கொடுத்தது.

இடையில் ஒரு நுட்பச் செய்தி. கூட்டின் அடியில் பிரைமர் பொருந்தும் முறையில் இரண்டு வகை உண்டு. இரண்டும் 1866ஐ ஒட்டிக் காப்புரிமை பெற்றவை. வுலிச்சில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் அமைத்ததில் கூட்டின் நடுவே ஒரே துளை. செலவான பிரைமரை ஒரு கம்பியால் உள்ளிருந்து தள்ளிவிடலாம். அமெரிக்கரான ஹைரம் பெர்டான் அமைத்ததில் பட்டறைமுனை கூட்டிலேயே இருக்கும், துளைகள் ஓரங்களில். தள்ளி எடுப்பது தொல்லை. பெர்டானுக்குத் தொழிற்சாலையில் செலவு குறைவு, பாக்ஸருக்கு மறுநிரப்பலில் உழைப்பு குறைவு. வரலாற்றின் குறும்பு என்னவென்றால் அமெரிக்கா ஆங்கிலேயரின் பாக்ஸரைத் தழுவிக்கொண்டது. ஐரோப்பியப் படைகளும் பிரிட்டனின்.303 ராணுவத் தோட்டாவும் அமெரிக்கரின் பெர்டானை ஏற்றுக்கொண்டன. திட்டமிட்ட சதி என்று சொல்ல ஆதாரமில்லை. ஆயினும் தன் குடிமகன் கூட்டைப் பொறுக்குவான் என்று எதிர்பார்த்த நாட்டில் ஒரு துளை. அவன் பொறுக்க வேண்டாம் என்று நினைத்த நாடுகளில் இரண்டு.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கனம் எப்போதும் செழித்திருக்கவில்லை. 1880களில் ராணுவமே தன் படைப்பிரிவுகளுக்குக் கருவிகளைக் கொடுத்து, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கான தோட்டாக்களை முகாமிலேயே நிரப்பச் சொன்னது. 1884இல் ஜான் பார்லோ நியூஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனம், இடுக்கி போன்ற கைக்கருவியையும் கையேட்டையும் நாடெங்கும் பரப்பியது. பிறகு புகையற்ற மருந்து வந்தது. கருமருந்தைக் கரண்டியால் அள்ளினாலும் பெரிதாகக் கெடாது; புதிய மருந்து நிறையில் சிறிது கூடினாலும் துப்பாக்கியையும் சுடுபவனையும் கேட்கும். இன்னொன்று, அக்காலப் பிரைமரில் பாதரசம் இருந்தது. கருமருந்தின் கரி அதைத் தணித்துவந்தது. புகையற்ற மருந்தில் அந்தத் திரை இல்லாததால் பாதரசம் பித்தளையைத் தின்று நொறுங்கவைத்தது. மூலதனமே அரித்துப்போனால் வட்டி எங்கிருந்து வரும்? பாதரசமும் அரிப்பும் இல்லாத பிரைமர்கள் வந்த பிறகுதான் கூடு மறுபடி நீண்டகாலச் சொத்தாயிற்று.

அடுத்த எழுச்சி இரண்டாம் உலகப் போரின் பற்றாக்குறையில் தொடங்கியது. குடிமக்களுக்குத் தோட்டா கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஓரோவில்லில், பிரெட் ஹன்டிங்டன், சலவைக்கடைப் பின்கட்டில் ஓர் அச்சைச் செய்தார். சுட்டு எறிந்த .22 சிறு தோட்டாக்களின் செப்புக் கூடுகளே குண்டுக்கு மேலுறையாயின, உள்ளே ஈயம். குப்பையிலிருந்து குண்டு. பின்னாளில் உலகறிந்த ஆர்சிபிஎஸ் என்ற பெயர் அந்த அச்சிலிருந்து வந்தது. ஐடஹோவில் வெர்னன் ஸ்பியரும், நெப்ராஸ்காவில் ஜாய்ஸ் ஹார்னடியும் இதே காலிக் கூடுகளைக் கொண்டே குண்டுத் தொழிலைத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் கான்சாஸின் புரூஸ் ஹாட்ஜ்டன், அரசு கழித்துக்கட்டிய 4895 என்ற ரைபிள் மருந்தைக் கடன்வாங்கிப் பெருமளவில் வாங்கினார். பழைய ரயில் சரக்குப் பெட்டி ஒன்றை வயலில் நிறுத்தி அதில் சேமித்து, பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்து விற்றார். அரசு தன் வீரர்களுக்காக முழுவிலை கொடுத்துச் செய்தது, குடிமகனுக்குக் கழிவுவிலையில் வந்து சேர்ந்தது. ‘சொந்தக் காலில் நிற்பது’ என்று இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி அமெரிக்கர் பெருமை பேசுவதுண்டு. அந்தக் காலுக்குக் கீழே வரிப்பணம் இருந்தது.

சரி, மிச்சமாகிறதா? கணக்குக்காக மட்டும் ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். புதுத் தோட்டா 100 ரூபாய், அதில் கூடு 50, மற்றவை 50. கூட்டைப் பத்துமுறை பயன்படுத்தினால் ஒவ்வொரு வேட்டுக்கும் அதன் பங்கு 5 ரூபாய். மொத்தம் 55. ஏறத்தாழ பாதி மிச்சம். ஆனால் அழுத்துகருவி, அச்சுகள், துல்லியத் தராசு ஆகியவற்றின் விலையை முதலில் ஈடுகட்ட வேண்டும். மாலைப்பொழுதுகளின் கூலியைக் கணக்கில் சேர்த்தால் விடை இன்னும் மாறும். அந்தக் கூலியைச் சேர்க்காமல் விடுவதுதான் உலகெங்கும் வீட்டுத்தொழிலின் வழக்கம். நம் அப்பளமும் பீடியும் அப்படித்தான் மலிவாயின. மறுநிரப்புவோர் தங்களையே கேலி செய்துகொள்ளும் நகைச்சுவை ஒன்று உண்டு: பணம் மிச்சமாகவில்லை, அதே பணத்துக்கு இருமடங்கு சுடுகிறோம். 1865இல் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றிச் சொன்னதும் இதுவே. நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரியின் செலவு கூடியது. வார இறுதியில் காகித இலக்கைத் துளைப்பவருக்கு இது நகைச்சுவை. சமவெளியில் அந்த இருமடங்கு எங்கே போயிற்று என்று மேலே பார்த்தோம்.

சுதந்திர இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. இனப்பாகுபாடு போயிற்று. ‘தோட்டா முதலியன’ என்பதன் வரையறையில் தோட்டாவின் உறுப்புகளும், தோட்டா செய்யும் எந்திரங்களும் சேர்ந்தே வருகின்றன. உரிமமின்றிச் செய்வது குற்றம். ஒரு கூட்டை மறுபடி நிரப்புவது சட்டத்தின் கண்ணில் சிக்கனமன்று, உற்பத்தி. அந்த வரையறையை எழுதியவர்கள் 1878ஐ அருகில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதில் தவறு காணவும் எனக்குத் துணிவில்லை. கட்டாவால் செத்தவர்களின் செய்தியை வாரந்தோறும் படிக்கும் நாட்டில், ஒரு வேட்டு மலிவாவதை யாரும் சீர்திருத்தம் என்று வரவேற்க முடியாது.

ராணுவத்திலும் காவல்துறையிலும் சுடுகளப் பயிற்சி முடிந்ததும் தரையில் குனிந்து கூடுகளைப் பொறுக்கி எண்ணுவது இன்றும் கடமையின் பகுதி. கொடுத்த தோட்டாவும் திரும்பிவந்த கூடும் ஒத்துப்போனால்தான் பதிவேடு மூடும். உத்தரப் பிரதேசத்தில், உரிமம் வைத்திருக்கும் குடிமகன் புதுத் தோட்டா வாங்கப் போகும்போது சுட்ட கூடுகளைக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கெடுபிடியும் அவ்வப்போது வந்திருக்கிறது. இந்தியில் அந்தக் காலிக் கூட்டுக்கு ‘கோகா’ என்று பெயர்; உள்ளீடற்றது என்று பொருள். அங்கே முதல் தகவல் அறிக்கைகளில் இரண்டும் தனித்தனி வரிசையாக எழுதப்படும்: உயிருள்ள கார்தூஸ் இத்தனை, கோகா இத்தனை.